ஊர்க்களமும் நாட்டு நிறுவனமும்

மாலை ஐந்தரை மணிக்கு மில் வண்டியிலிருந்து இறங்குகிற பெண்ணும், பகலெல்லாம் மிளகாய்க் காட்டில் குனிந்து நின்ற தாயும், பள்ளி விட்டதும் கண்மாய்க் கரையை நோக்கி மட்டையும் கையுமாக ஓடுகிற சிறுவனும், சர்க்கரை நோய்க்கு மாத்திரையை விழுங்கிவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரியவரும் தத்தமக்கு ஏற்றவாறு உடலை அசைத்து மகிழ ஓர் இடம் ஊரில் உண்டா என்று கேட்டால், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பல கிராமத்தார், ‘பள்ளிக்கூட மைதானம் இருக்கிறதே’ என்று விடை சொல்வார்கள். பள்ளி மூடியதும் மைதானத்துக் கதவும் மூடிவிடுகிறது என்பதையும், அதன் பிறகுதான் இந்நால்வருக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது என்பதையும் அந்த விடை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அத்தியாயம் அந்நால்வருக்காகவே எழுதப்படுகிறது. தேசம் முழுவதிலும் விளையாட்டையும் உடற்பயிற்சியையும் வளர்ப்பதற்கென்று தில்லியில் ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அது செய்துவரும் காரியங்களில் எவை கரிசல் காடுவரை வந்து சேரக்கூடியவை, அவற்றை வரவழைக்க ஊரார் முன்கூட்டியே எவற்றை ஆயத்தம் செய்ய வேண்டும் என்பவையே இங்கு விசாரிக்கப்படும் விஷயங்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம், நேரம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகிய மூன்றும் இல்லாத ஊருக்கு எத்தனை திட்டம் வந்தாலும் கம்பம் துருப்பிடித்து வலை கந்தலாவதுதான் மிச்சம். இம்மூன்றும் வாய்த்த ஊருக்கோ, திட்டம் சில வருஷங்கள் தாமதித்து வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

தில்லியிலிருந்து வரும் வழி

1951இல் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளைத் தில்லியில் நடத்திய உற்சாகம் தணியுமுன்பே, 1953இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் பெயரால் ஒரு பயிற்சித் திட்டமும், 1954இல் அகில இந்திய விளையாட்டுக் கவுன்சிலும், 1961இல் பயிற்றுநர்களை உருவாக்கும் பொருட்டுப் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனமும் அடுத்தடுத்துத் தோன்றின. இவற்றுக்கெல்லாம் ஒரு தலைமுறை முன்னதாக, 1920இல், ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, நம் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைக்கப்படுகிறவரின் தொழிலுக்கு ஒரு சாஸ்திர அடிப்படையை உண்டாக்கியிருந்தார் என்பதைத் தமிழர் நினைவில் வைத்தல் தகும். 1982இல் ஆசியப் போட்டிகள் மீண்டும் தில்லிக்கு வந்தபோது எழுப்பப்பட்ட அரங்கங்களைப் பிற்பாடு யார் பராமரிப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே 1984இல் ஏற்பட்ட இந்திய விளையாட்டு ஆணையம். பட்டியாலா நிறுவனத்தை நடத்திவந்த சங்கமும் 1987இல் அதனோடு இணைக்கப்பட்டது. இப்பிறப்பு வரலாற்றை அறிந்தால் அதன் சுபாவமும் விளங்கும். அரங்கத்தையும் பதக்கத்தையும் கண்ணாகக் கொண்டு பிறந்த அந்த ஸ்தாபனம், ஊர்ப்புற ஜனங்களின் அன்றாட விளையாட்டையும் தன் கடமையாக வரித்துக்கொண்டது பிற்காலத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33ஆம் இனமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மத்திய ஸ்தாபனம் பணத்தையும் பயிற்சியையும் வழிகாட்டுதலையும் தரலாமேயன்றி, மாநிலத்தின் கைவழியாக அல்லாமல் நம் ஊர் எல்லைக்குள் நேரே வந்து களம் வெட்டித் தருவது அதன் வேலையன்று. தமிழ்நாட்டில் அந்தக் கை 1992இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். நம் மாவட்டத்தில் அதன் விரல் விருதுநகரிலுள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகம். தில்லிக்கு மனு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் இளைஞர் மன்றங்களைக் கண்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தை விருதுநகருக்கு எடுத்துச் சென்றிருந்தால் காத்திருந்த காலம் மிச்சமாகியிருக்கும்.

2008இல் மத்திய அரசு பஞ்சாயத்துகளுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் நீண்ட இந்திப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து நம் பக்கத்தில் ‘பைக்கா’ என்றார்கள். கிராம ஊராட்சி ஒன்றுக்குக் களம் அமைக்க ஒரு லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் பொருள் வாங்கவும் களத்தை நடத்தவும் சிறு தொகைகளும், ‘கிரீடாஸ்ரீ’ என்ற பெயரில் ஊரிலிருந்தே ஒரு தொண்டரும் என்பது அதன் அமைப்பு. 2014இல் அது ராஜீவ் காந்தியின் பெயர்கொண்ட இயக்கமாக மாறி, 2016இல் வேறு இரு திட்டங்களோடு சேர்ந்து ‘கேலோ இந்தியா’ ஆயிற்று. இம்மாறுதல்களுக்கிடையே, பைக்காவின் மிகச் சிறந்த அம்சம் ஒரு லட்சம் ரூபாயா, கிரீடாஸ்ரீயா என்று என்னைக் கேட்டால், சந்தேகமின்றி அத்தொண்டரே என்பேன். சாயங்காலம் வலையைக் கட்டி, பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்து, சண்டையைத் தீர்த்து, இருட்டியதும் வலையை மடித்துப் பெட்டியில் வைக்கிற ஒருவர் இருந்த இடத்தில் களம் பிழைத்தது. அவருடைய சிறு மதிப்பூதியம் நின்று அவரும் வேறு வேலைக்குப் போன இடங்களில் கம்பங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர் பலர். ஆகவே உங்கள் ஊரில் முதற்காரியம் அத்தகைய ஓர் ஆளைத் தேடுவது. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், வேலைக்குக் காத்திருக்கும் உடற்கல்விப் பட்டதாரி, முன்னாள் கபடி ஆட்டக்காரர் என்று யாரேனும் ஒருவர் இல்லாத ஊர் இப்பக்கம் அரிது. பெண்கள் பகுதிக்கென்று ஒரு பெண்மணியும் வேண்டும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நிலம்

களத்துக்கு நிலம் தேடுகையில் கிராம நிர்வாக அலுவலரிடம் புறம்போக்குகளின் பட்டியலைக் கேட்டு, புல எண்ணும் பரப்பும் எழுதி வாங்கிக்கொண்டு, வரைபடத்தோடு நேரில் நடந்து பாருங்கள். கண்மாயின் உள்வாயையும் ஊருணிக் கரையையும் வாய்க்காலையும் எக்காரணத்தாலும் தொடவேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கை வேறு காரியத்துக்கு மாற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறமிருக்க, மழைக்காக ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்த்திருக்கும் இப்பூமியில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறைப்பது பெருந்தவறு. கண்மாய் வறண்டு கிடந்த ஒரு சித்திரையில் இளைஞர் சிலர் உள்வாயிலேயே அழகாக ஒரு கபடிக் களம் அமைத்ததையும், அவ்வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு கார்த்திகை பிறக்குமுன் கோடு போட்ட சுண்ணாம்பும் நட்ட கம்பமும் தண்ணீருக்குள் போனதையும் நான் ஓர் ஊரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட சிரமத்தை மேட்டு நிலத்தில் பட்டிருந்தால் அந்தக் களம் இன்றும் இருந்திருக்கும்.

அறுபது சென்ட் நிலம், அதாவது நாற்பது மீட்டருக்கு அறுபது மீட்டர், ஒரு சிற்றூருக்குத் தாராளமாகப் போதும். ஆண்களின் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கு 12க்கு 8. வாலிபால் களம் 18க்கு 9. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கோ-கோ களம் 27க்கு 16. இவை மூன்றும் அறுபது சென்டில் அடங்குவதோடு, ஓரமாகச் சுற்றி ஒரு நடைபாதையும் போட்டால் ஐந்து சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கணக்காகும். களங்களின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் மேற்கே பார்த்து ஆடுகிறவன் கண்ணில் மாலை வெயில் நேரே விழும். மேல்புற எல்லையில் வேம்பும் புங்கனும் நட்டுவிட்டால் சில வருஷங்களில் மாலை நேரத்துக்கு நிழல் சித்தமாகிவிடும்.

இனி மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வட்டாரத்தில் களம் கெடுவதற்கு முதன்மையான காரணம் மண்ணே ஆதலால், இதில் சற்று நிதானிக்கிறேன். பருத்திக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் தாயாக விளங்கும் கரிசல், ஓடியாடும் காலுக்கு நல்ல தளமன்று. கோடையில் அது பாளம் பாளமாக வெடித்து, கால்விரல் நுழைந்து கணுக்கால் பிசகும்படி வாய் பிளக்கும். மழை பெய்தாலோ உள்ளங்காலில் அப்பிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைப்பதே பாரமாகும். நீரை உறிஞ்சிப் பருத்தும் காய்ந்து சுருங்கியும் அது ஓயாது அசைவதால், அதன்மேல் நேரே போடும் சிமெண்டுத் தளமும் ஓரிரு வருஷங்களில் விரிசல் விட்டுவிடுகிறது. ஆகவே களத்தின் பரப்பில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டியெடுத்து, சரள்மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் தெளித்து ரோலரால் உருட்டி இறுக்கி, அதன்மேல் நான்கு விரற்கடைச் செம்மண் பரப்புவதே நெடுநாள் நிற்கும் முறை. நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் சரிவு இருக்கட்டும். நான்கு புறமும் ஒரு சிறு வடிகால் இருக்கட்டும். கபடிக்கு மட்டும் மேல் மண்ணைச் சலித்து மரத்தூள் கலந்து கொத்திவிட்டால், விழுகிறவன் முழங்கை தோலுரியாமல் தப்பும். வெட்டியெடுத்த கரிசலை வீணாக்க வேண்டாம். அதைக் கேட்டு வாங்கிப்போகச் சம்சாரிகள் வண்டியோடு வருவார்கள்.

சீமைக்கருவேலை அரிவாளால் தரையோடு வெட்டிவிட்டுக் களம் தயார் என்று நம்பியவர்கள் பலர். அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து பத்துக் கிளைகள் முளைத்துவரும். மண் ஈரமாக இருக்கும்போது வேர்க்கட்டையோடு தோண்டியெடுக்க வேண்டும். அதன்பின் ஒரு வருஷம் கன்று முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும். முள்ளைக் கூட்டி அள்ளும் வேலை, ஆடும் பிள்ளைகள் வெறுங்காலோடு வருகிறார்கள் என்ற நினைவோடு செய்யப்படட்டும். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பணிகளுள் விளையாட்டுக்களம் அமைப்பதும் ஒன்றாக இருந்தது; இன்று எந்தத் திட்டத்தின் கீழ் நிலத்தைச் சமப்படுத்தும் வேலையை எடுக்கலாம் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நேரமும், களத்துக்கு வராதவர்களும்

பங்குனி முதல் ஆடி வரை காலை எட்டு மணிக்கு மேலும் மாலை ஐந்து மணிக்கு முன்னும் இப்பக்கத்து வெயிலில் பிள்ளைகளை ஓடவிடுவது நியாயமன்று. தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். பானைத் தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் களத்தின் உபகரணங்களுள் சேர்ந்தவை என்றே எண்ணுங்கள். ஆடுகிறவன் தலைசுற்றித் தடுமாறினாலும், வாந்தியெடுத்துப் பிதற்றினாலும், உடனே நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெங்கும் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108க்குச் சொல்லிவிட வேண்டும். நினைவு தப்பியவன் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

‘பகலெல்லாம் காட்டு வேலை செய்கிறவளுக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. களை எடுக்கிறவள் மணிக்கணக்கில் ஒரே வாக்கில் குனிந்திருக்கிறாள். நூற்பாலையில் நிற்கிறவள் எட்டு மணி நேரம் இயந்திரத்தின் ஓட்டத்துக்குத் தன் கையைப் பொருத்துகிறாள். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பும் கழுத்தும் கல்லாகிப் போகின்றன. உழைப்பு உடம்பின் ஓர் உறுப்பைத் தேய்க்கிறது. விளையாட்டு தேய்ந்த உறுப்புக்கு ஓய்வும் தேயாத உறுப்புக்கு வேலையும் தருவதோடு, உழைப்பு தராத ஒன்றாகிய சிரிப்பையும் தருகிறது. குழிக்குள் காலிறக்கி மிதித்து நெய்த தறி போய் விசைத்தறி வந்துவிட்ட அருப்புக்கோட்டையில், தந்தையின் உடம்புக்குக் கிடைத்த அசைவு மகனுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பெண்கள் களத்துக்கு வராததற்குக் கூச்சத்தைக் காரணம் சொல்வது சுலபம். நான் அறிந்தவரையில், அவர்களுக்கென்று நிச்சயமான ஒரு நேரம், விளக்கு வெளிச்சம், கதவுள்ள கழிப்பறை, பொறுப்பான ஒரு பெண்மணி ஆகிய இந்நான்கும் அமைந்த இடத்தில் கூச்சம் ஒரு மாதத்தில் அகன்றுவிடுகிறது. அந்த நேரத்தில் ஆண்கள் களத்தின் ஓரத்தில்கூட உட்காரலாகாது என்பதை ஊர்க்கட்டாகவே வையுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டம் நடக்கும் நாளில் கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் எறிபந்தோ வளையப்பந்தோ ஆடத் தொடங்கிய குழுவில், அந்த அரைமணி பின்பு ஒருமணியாகிவிடுகிறது. சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டே கோ-கோ ஆடலாம்; டிராயர் போட்டால்தான் விளையாட்டு என்று எவரும் வற்புறுத்த வேண்டாம். சிறுமியருக்கும் கன்னியருக்கும் மாத்திரமான போட்டிகளை ‘அஸ்மிதா’ என்ற பெயரால் கேலோ இந்தியா நடத்திவருகிறது. அதுபற்றிய அறிவிப்பை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து, நம் பெண்களின் ஒரு குழுவையேனும் ஆண்டுக்கொரு முறை அனுப்பி வையுங்கள்.

பெரியவர்களுக்கு வேண்டியது நடை. வயதுவந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலசைவு பெற வேண்டும் என்பது 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டுதல். பிள்ளைகளுக்கோ நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாக மாத்திரை கொண்டுவரும் தன்னார்வப் பெண்மணிக்கு, ஊரில் யார் யாருக்குச் சர்க்கரை, யார் யாருக்கு ரத்த அழுத்தம் என்பது தெரியும். அவரையே துணைக்கு அழைத்து, அவர்கள் ஒவ்வொருவரையும் களத்தின் நடைபாதைக்கு வரச் சொல்லச் செய்யுங்கள். 2023 நவம்பரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அரசு குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று பெயரிட்டது நற்காரியமே. ஆயினும் முழங்கால் வலிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு வீட்டிலிருந்து நூறு தப்படியில் உள்ள பாதையே பாதை. சிங்கப்பூர் அரசின் விளையாட்டு ஸ்தாபனம் 2014இல் ‘ஆக்டிவ் எஸ்.ஜி.’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, சேர்ந்த பிரஜை ஒவ்வொருவர் கணக்கிலும் நூறு வெள்ளியை வைத்து, நீச்சல்குளத்துக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் அதைச் செலவிடச் சொன்னது. நமக்கு அந்த நூறு வெள்ளி இல்லை. ஆனால் முதலில் வாசலைத் திறந்து அழைத்தது என்ற அதன் முறை நமக்கும் கைகூடும்.

பள்ளிக்கூடத்தோடு உடன்பாடு

2019 ஆகஸ்டு 29ஆம் நாள், ஹாக்கி வீரர் தியான்சந்தின் பிறந்தநாளாகிய தேசிய விளையாட்டு தினத்தில், ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் கொடியைப் பெற விரும்பும் பள்ளி, உடற்கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரையும், இரண்டு விளையாட்டேனும் ஆடக்கூடிய மைதானத்தையும், ஒவ்வொரு வகுப்புக்கும் தினம் ஓர் உடற்கல்விப் பாடவேளையையும், ஒவ்வொரு மாணவனுக்கும் நாளுக்கு 60 நிமிஷ உடலசைவையும் காட்ட வேண்டும். இந்நான்கையும் படிக்கும்போதே, வாரத்தில் இரண்டு நாள் வரும் பி.டி. பீரியடைக்கூடப் பரீட்சை நெருங்கியதும் வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் உங்கள் மனத்தில் வரும். அதைத் தடுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பேச வேண்டும். ‘விளையாடினால் பிள்ளை கெட்டுப்போவான்’ என்று அஞ்சும் திருச்சுழிப் பெற்றோருக்கு நான் நினைவூட்டுவது, 1879இல் அவ்வூரில் பிறந்த ரமண மகரிஷி, பால்யத்தில் பாடப்புத்தகத்தைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் அதிக ஈடுபாடு கொண்டிருந்தார் என்று அவர் சரித்திரம் எழுதியோர் குறித்திருப்பதைத்தான்.

பிள்ளைகளின் உடல்திறனை அளக்கக் கேலோ இந்தியா வகுத்திருக்கும் சோதனைகள் எளியவை. ஒரு நிறுத்துகடிகாரமும் அளவுநாடாவும் எடைக்கருவியும் இருந்தால் ஊரிலேயே நடத்தலாம். ஐந்து முதல் எட்டு வயதுவரை உயர எடைக் கணக்கோடு, ஒற்றைக்காலில் நிற்றல், இரு வட்டங்களை மாறிமாறிக் கையால் தொடுதல் ஆகியவை. ஒன்பது வயதுக்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டமோ நடையோ, உட்கார்ந்து கால்நீட்டி முன்வளைதல், வயிற்றுக்கான அரை எழுச்சி, தண்டால். சிறுமியருக்குத் தண்டாலில் முழங்காலை ஊன்றிக்கொள்ள அனுமதி உண்டு. ஆடி மாதம் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை இவற்றை நடத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்த அளவுகளைப் பிள்ளைக்குப் பிள்ளை ஒப்பிட்டுக் கூட்டத்தில் வாசித்து எவரையும் நாணச் செய்யலாகாது. போன முறையைவிட இம்முறை நீ எவ்வளவு முன்னேறினாய் என்று தனியே அழைத்துச் சொல்லுதலே அதன் பிரயோஜனம்.

திறமை மிக்க பிள்ளை ஒன்று தென்பட்டால், அதற்கான ஏணியின் படிகள் தெளிவாகவே இருக்கின்றன. மாநிலம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாவட்டப் பிரிவு முதற்படி. மாநில ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தேர்வு அடுத்தது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையங்கள் மயிலாடுதுறையிலும் சேலத்திலும் உள்ளன. கேலோ இந்தியா வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பயிற்சி, உணவு முதலியவற்றோடு மாதம் பத்தாயிரம் ரூபாய் கைச்செலவுக்கும் கிடைக்கிறது. இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை: தேர்வில் சுலபமாக ஜெயிக்கலாம் என்று பிள்ளையின் வயதைக் குறைத்துச் சான்று வாங்காதீர்கள். எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் முறை இப்போது வழக்கத்தில் இருக்கிறது. பிடிபட்டால் பொய் சொன்ன பெரியவர் வீட்டில் இருப்பார், தண்டனை பிள்ளைமேல் விழும்.

நம் சொந்த விளையாட்டுகள் அந்த ஏணிக்குப் புறம்பானவை என்று எண்ண வேண்டாம். இங்கே பொங்கலன்று மந்தையில் ஆடிய சடுகுடுதான் கபடியாகி 1990இல் பீஜிங் ஆசியப் போட்டிகளில் ஏறியது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டாக அங்கீகாரம் பெற்றது. வேலு நாச்சியாரின் உருவமே போட்டிச் சின்னமாக வைக்கப்பட்டது. தமிழ்நாடு 38 தங்கப் பதக்கங்களோடு இரண்டாமிடம் பெற்றது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஐம்பது கிலோமீட்டர்தான். உங்கள் ஊரில் சிலம்ப வாத்தியார் ஒருவர் இன்னும் இருப்பாராயின், வாரத்தில் இரண்டு மாலைகளை அவருக்கே ஒதுக்குங்கள். மந்தையில் புதைந்து கிடக்கும் இளவட்டக்கல்லையும் எடுத்துக் களத்தின் ஓரத்தில் வையுங்கள். கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் பச்சைக்குதிரையும் பாண்டியும் எந்தப் பதக்கத்துக்கும் இட்டுச் செல்லாதவை. ஆயினும் செலவே இல்லாமல் ஐம்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஓடவைக்க இவற்றைப்போல் வேறொன்றை நான் கண்டதில்லை.

பொருளும் பதிவேடும்

2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின்படி தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பு வழங்கப்பட்டது. உங்கள் ஊராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அலமாரியில் பூட்டியிருந்தால், கெட்டுப்போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணமாயிருக்கும். அவ்வச்சத்தைத் தீர்க்க வழி, ஓர் இருப்புப் பதிவேடு வைத்து, எடுத்தவர் பெயர், தேதி, திருப்பிய நேரம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவது. விளையாடித் தேய்ந்த பந்தைக் கழித்து எழுதுவதில் குற்றமில்லை. ஆடாமல் உளுத்துப்போன பந்துக்குத்தான் விளக்கம் கேட்கப்பட வேண்டும். வரும்படி, செலவு, வந்தவர் தொகை, பெண்கள் எத்தனை பேர் என்பவற்றையும் மாதந்தோறும் எழுதி வைத்தால், மறுபடியும் ஒரு திட்டம் வரும்போது அலுவலர் முன் வைக்க உங்களிடம் ஓர் அத்தாட்சி இருக்கும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. களத்துக்கு நிலம் ஒதுக்கும் தீர்மானத்தை அங்கேதான் கொண்டுவர வேண்டும். தீர்மானத்தின் வாசகம் இவ்வாறு இருக்கலாம்: ‘இவ்வூராட்சியில் இன்ன புல எண்ணில் உள்ள, நீர்நிலை அல்லாத அரசு புறம்போக்கு நிலத்தில் அறுபது சென்ட் பரப்பை ஊர்ப் பொதுமக்களின் விளையாட்டுக்களமாக ஒதுக்கித் தருமாறு வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வதென்றும், களத்தைப் பராமரிக்க ஐவர் கொண்ட குழு அமைப்பதென்றும், அதில் இருவர் பெண்களாக இருப்பதென்றும், மாலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கே உரியதென்றும் இச்சபை தீர்மானிக்கிறது.’ வாசித்து நிறைவேறியபின் தலைவரோ தனி அலுவலரோ கையொப்பமிட்ட நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். ஒரு நகல் திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ உள்ள வட்டாட்சியருக்கும், ஒன்று ஒன்றிய அலுவலகத்துக்கும், ஒன்று விருதுநகர் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் போகட்டும். நான்காவது உங்களிடம் இருக்கட்டும். அடுத்த கிராம சபைக்கு முன்னால் புல எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.